கரும்பு தின்னக் கூலி

ஆஸ்திரேலியாவின் 'வேலை-விடுமுறை' விசா இப்போது இந்திய இளைஞர்களுக்கும் கிடைக்கிறது. ஓராண்டை இரண்டாண்டாக்க விரும்புகிறவர்கள் போய்ச் சேரும் ஊர்களில் ஒன்று பண்டபர்க். அங்கே தங்குவதற்கு உரிமை, காசால் அல்ல, முதுகெலும்பால் சம்பாதிக்கப்படுகிறது.

பண்டபர்க் விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் ஊர். பூர்பாங் தெருவில் கடைகள் திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போதே, ஹாஸ்டல் வாசல்களில் வேன்கள் வந்து நிற்கின்றன. அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, மண் படிந்த பூட்ஸ், கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் சகிதம் இளைஞர்களும் இளம்பெண்களும் ஏறிக்கொள்கிறார்கள். பிரெஞ்சு, கொரியன், இத்தாலியன், ஸ்பானிஷ் என்று பல மொழிகள் அரைத் தூக்கத்தில் முணுமுணுக்கப்படுகின்றன. இவர்களில் பலர் பட்டதாரிகள். சொந்த நாட்டில் வயலில் இறங்கியே இராதவர்கள். இங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கு நாற்று நடவும், தக்காளி பறிக்கவும், குடைமிளகாயைத் தரம் பிரிக்கவும் போகிறார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் என்றுதான் விசாவில் எழுதியிருக்கிறது.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு வடக்கே சுமார் 360 கி.மீ. தொலைவில், பர்னெட் ஆற்றங்கரையில் இருக்கிறது பண்டபர்க். வட்டாரம் முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். சுற்றிலும் எரிமலைச் செம்மண். எந்தத் திசையில் போனாலும் கரும்பு. 1888 முதல் இங்கே காய்ச்சப்படும் ரம் ஆஸ்திரேலியா முழுவதும் பிரபலம். அதற்கு வேண்டிய கரும்புப்பாகு பக்கத்து ஆலைகளிலிருந்தே வருகிறது. 1928-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாளாக விமானம் ஓட்டி வந்த பெர்ட் ஹிங்க்லர் இந்த ஊர்ப் பிள்ளை. கிழக்கே மோன் ரெப்போ கடற்கரையில் நவம்பர் முதல் ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. மகா பவளத் திட்டின் தென்கோடியிலுள்ள லேடி எலியட் தீவுக்கு இங்கிருந்து சிறு விமானங்கள் பறக்கின்றன.

ஆனால் ஹாஸ்டல்களில் இருப்பவர்களில் பலர் ஆமையையோ பவளத் திட்டையோ பார்க்க வரவில்லை. அவர்கள் தேடி வந்தது ஓர் எண்: 88.

எண்ணின் மகிமை

ஆஸ்திரேலியா இந்த விசாவைத் தொடங்கியது 1975-ல். பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய மூன்று நாடுகளின் இளைஞர்கள் ஓராண்டு ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு அங்கங்கே வேலையும் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. பின்னர் பட்டியல் நீண்டது. இப்போது இதில் இரண்டு பிரிவுகள் உள்ளன. பழைய நாடுகள் பலவற்றுக்கு 417. இந்தியா, சீனா, வியட்நாம், அமெரிக்கா போன்றவற்றுக்கு 462.

2005 நவம்பரில் அரசு ஒரு புதுக் கதவைத் திறந்தது. பழத் தோட்டங்களிலும் காய்கறி வயல்களிலும் அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஊர் சுற்ற வந்தவர்களோ ஓராண்டு முடிந்ததும் போக மனமின்றித் தவித்தார்கள். இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டினார்கள். கிராமப்புறங்களில் மூன்று மாதம், அதாவது குறைந்தது 88 நாட்கள், குறிப்பிட்ட வேலைகளைச் செய்தால் இரண்டாம் ஆண்டு தங்கலாம். முதலில் 417 பிரிவுக்கு வந்த இந்தச் சலுகை பின்னர் 462-க்கும் நீட்டிக்கப்பட்டது. 2019 ஜூலையில் இன்னொரு படியும் சேர்ந்தது: இரண்டாம் ஆண்டில் ஆறு மாதம் அதே மாதிரி வேலை செய்தால் மூன்றாம் ஆண்டு.

எந்த வேலை, எந்த ஊரில் என்பதில்தான் சூட்சுமம். பண்டபர்க் தோட்டத்தில் தக்காளி பறித்தால் அந்த நாள் கணக்கில் சேரும். அதே ஊரின் காபிக் கடையில் மேஜை துடைத்தால் சேராது. ஹோட்டல், சுற்றுலா வேலைகள் சேர வேண்டுமானால் மகர ரேகைக்கு வடக்கே போக வேண்டும். அல்லது ஜன சந்தடியே இல்லாத உட்பகுதிகளுக்குப் போக வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பதிலாக இலவசமாக உழைத்து நாள் சேர்க்கும் வழி 2015 டிசம்பரோடு அடைக்கப்பட்டது. இப்போது சம்பளச் சீட்டு இல்லாத நாள், உழைக்காத நாள்.

எனவே ஹாஸ்டல் சமையலறைப் பேச்சு பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். 'எத்தனை ஆச்சு?' என்றால் எத்தனை நாள் என்று அர்த்தம். இருபது நாளில் இருப்பவர் எண்பதில் இருப்பவரைப் பொறாமையோடு பார்க்கிறார். மழை பெய்தால் வயலில் வேலையில்லை, நாள் ஏறாது, ஆனால் ஹாஸ்டலின் வார வாடகை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். 2013 ஜனவரியில் பர்னெட் ஆறு 9.53 மீட்டர் உயரத்துக்குப் பெருகி, ஊரின் வடபகுதி மக்களை ஹெலிகாப்டர்களில் ஏற்றி வெளியேற்ற வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய வெள்ளம் அபூர்வம். ஆனால் ஒரு வார மழையே போதும், சேர்த்த காசு கரைய.

கரும்பு வெட்ட யாரும் அழைப்பதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. 1970-களின் இறுதிக்குள் கரும்பு அறுவடை முழுக்க இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. மனிதக் கை தேவைப்படுவது, அழுத்தினால் நசுங்கும் பொருட்களுக்குத்தான்.

சுவர் சொல்லும் கதை

இந்த மண்ணில் வெளியாட்களின் உழைப்பு புதிதல்ல. ஊருக்கு வெளியே வயல் ஓரங்களில் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய நீண்ட சுவர்கள் நிற்கின்றன. சாந்து கிடையாது; கல் மேல் கல். உழுவதற்கு இடைஞ்சலான எரிமலைக் கற்களைப் பொறுக்கி இவற்றைக் கட்டியவர்கள் தென்கடல் தீவுவாசிகள். 1863-க்கும் 1904-க்கும் இடையே வனுவாட்டு, சாலமன் தீவுகள் போன்ற இடங்களிலிருந்து சுமார் 62,000 ஒப்பந்தங்களின் கீழ் தீவுவாசிகள் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிலர் விரும்பி வந்தார்கள். பலர் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் ஆள் அனுப்பிய தமிழகத்துக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. பெயர்கள்தான் வேறு.

1901-ல் ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்ததும் அதன் நாடாளுமன்றம் செய்த முதல் காரியங்களில் ஒன்று, இவர்களைத் திருப்பி அனுப்பச் சட்டம் இயற்றியது. பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களும், பிள்ளை குட்டி பெற்றவர்களும் கப்பலேற்றப்பட்டனர். தங்கிவிட்ட சிலரின் வாரிசுகள் இன்றும் பண்டபர்க்கில் வாழ்கிறார்கள். 2021 ஜூலையில் நகர மேயர் அவர்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டார்.

இன்றும் வனுவாட்டுக்காரர்களையும் சாலமன் தீவுக்காரர்களையும் இந்த வயல்களில் காணலாம். பசிபிக் நாடுகளுக்கென்று உள்ள தனித் தொழிலாளர் திட்டத்தில், சட்டப்படியான ஒப்பந்தத்தோடு வருகிறார்கள். அவர்கள் பக்கத்து வரிசையில் குனிந்து நிற்பவர் பாரிஸிலிருந்து வந்த பட்டதாரியாக இருக்கலாம். உழைப்பு ஒன்றுதான். அவருக்கு அது சாகசம். இவருக்கு அது குடும்பம்.

இந்தியருக்கும் குவீன்ஸ்லாந்துக் கரும்புக்கும் பழைய தொடர்பு உண்டு. பஞ்சாபிலிருந்து வந்து இங்கும் தெற்கே நியூ சவுத் வேல்ஸின் வட பகுதியிலும் கரும்பு வெட்டிய சீக்கியர்கள், 1940-களில் வூல்கூல்கா என்ற கடலோர ஊரில் வாழைத் தோட்டங்களை வாங்கிக் குடியேறினார்கள். அங்கே இன்று குருத்வாரா தலைநிமிர்ந்து நிற்கிறது. கூலியாக வந்து முதலாளியானவர்கள். ஆனால் அந்தப் பாதை ஒரு தலைமுறை நீளம். விசாவின் கணக்கோ மாதங்களில்.

நாற்பதில் ஒருவர்

இந்தியாவுக்கு இந்த விசாவின் கதவு திறந்தது வர்த்தகப் பேச்சின் வழியாக. 2022 ஏப்ரலில் கையெழுத்தாகி டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலியப் பொருளாதார ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 1,000 இந்தியர்களுக்கு 462 விசா என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2024 அக்டோபரில் முதல் குலுக்கலுக்குப் பதிவு தொடங்கியபோது, முதல் இரண்டு வாரங்களிலேயே சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அந்தக் கணக்கிலேயே நாற்பதில் ஒருவருக்குத்தான் இடம்.

தகுதிகள் கடுமையானவை அல்ல. வயது 18 முதல் 30 வரை. கல்லூரியில் குறைந்தது இரண்டாண்டுப் படிப்பு. புழங்குமளவு ஆங்கிலம். கையில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர். 2024 மதிப்பில் ஏறத்தாழ 2.8 லட்சம் ரூபாய். குழந்தைகளை அழைத்துச் செல்ல முடியாது. குலுக்கலுக்குப் பதிவுக் கட்டணம் 25 டாலர்தான். பெயர் வந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்கலாம்.

குலுக்கலை நடத்துவது கம்ப்யூட்டர். 'எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது' என்று சொல்லும் ஏஜெண்ட், லாட்டரிச் சீட்டில் எந்த எண் விழும் என்று சொல்பவருக்குச் சமம். லட்சக்கணக்கில் கேட்டால் வாசலைக் காட்டுவதே உத்தமம். குலுக்கலில் ஒருமுறை வென்று போனவருக்கு ஒரு சௌகரியம் உண்டு: இரண்டாவது, மூன்றாவது ஆண்டுக்கு மறுபடி குலுக்கல் கிடையாது. வேலை நாட்களும் ஆதாரமும் இருந்தால் போதும். அதனால்தான் இந்தியருக்கும் 88 என்ற எண் முக்கியமாகிறது.

பிரிட்டனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 2023 பிப்ரவரியில் தொடங்கிய இளம் தொழில்முறையாளர் திட்டத்தில் பட்டம் பெற்ற இந்தியர்கள் இரண்டாண்டு பிரிட்டனில் வேலை பார்க்கலாம், அதுவும் குலுக்கல்தான். ஆனால் இரண்டாண்டு முடிந்தால் அந்த விசாவை நீட்டிக்க வழியில்லை. ஆஸ்திரேலியா நீட்டிக்கிறது, விலையாக வயலைக் காட்டுகிறது.

அந்த விலையையும் எல்லோரும் கொடுப்பதில்லை. 2024 ஜூலை முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வயலில் கால் வைக்காமலே இரண்டாவது, மூன்றாவது ஆண்டு விசாக்களைப் பெறுகிறார்கள். இரு நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம் தந்த சலுகை அது. அவர்களுக்கு வயது வரம்பும் 35. இந்தியர் 30-லேயே கிழவராகிவிடுகிறார்.

கூலியும் குறையும்

சட்டப் புத்தகத்தில் கூலி தாராளம். 2025 ஜூலை முதல் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர், நிரந்தரமில்லாத தொழிலாளிக்கு அதன் மேல் 25 சதவீதம். வயலில் பக்கெட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலி கொடுப்பது பழைய வழக்கம். கை பழகாதவர்கள் நாள் முழுவதும் பறித்தும் சாப்பாட்டுக்குத் தேறாமல் திரும்புவார்கள். 2022 ஏப்ரல் முதல் எண்ணிக்கைக் கூலியானாலும் மணிக்கூலி அளவுக்குக் குறையக்கூடாது என்று விதி வந்தது.

புத்தகத்துக்கும் வயலுக்கும் தூரம் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியாயவேலை ஆணையர் அலுவலகம் 417 விசாக்காரர்கள் 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து 2016-ல் அறிக்கை வெளியிட்டது. 35 சதவீதம் பேர் குறைந்தபட்சத்துக்கும் கீழான கூலி பெற்றதாகச் சொன்னார்கள். 28 சதவீதம் பேருக்குச் செய்த வேலையில் ஒரு பகுதிக்கோ முழுவதற்குமோ கூலியே வரவில்லை. 14 சதவீதம் பேர் வேலை கிடைக்க முன்பணம் கட்டியிருந்தார்கள். 6 சதவீதம் பேர், விசாவுக்கான சான்றில் கையெழுத்துப் போட முதலாளிக்கே பணம் கொடுத்திருந்தார்கள்.

காரணம் எளிது. மற்றத் தொழிலாளி கூலி குறைந்தால் சண்டை போடுவார். இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார். 88 நாளை எண்ணுகிறவருக்கு முதலாளியின் கையெழுத்து தேவை. எழுபதாவது நாளில் இருப்பவர் வாய் திறக்க யோசிப்பார். ஹாஸ்டல்காரரே வேலையும் பிடித்துத் தருகிற இடத்தில் இன்னும் சங்கடம்: அறையைக் காலி செய்தால் வேலை போகும்; வேலையை விட்டால் அறை போகும். தமிழில் கங்காணி என்று சொல்லுக்கு உள்ள அத்தனை அர்த்தமும் இங்கே உயிர் பெறுகிறது. 2018 முதல் குவீன்ஸ்லாந்தில் தொழிலாளர்களை வாடகைக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் உள்ளவரா என்று கேட்பது தொழிலாளியின் முதல் பாதுகாப்பு.

வருமான வரியும் உண்டு. இந்த விசாக்காரர்கள் முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் கட்ட வேண்டும். 45,000 டாலர் வரை அந்த விகிதம். முதலாளி தனியாகக் கட்டும் ஓய்வூதிய நிதியை நாடு திரும்பும்போது கேட்டு வாங்கலாம். ஆனால் அதில் 65 சதவீதத்தை அரசு வரியாகப் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் 35 சதவீதத்தைக்கூடக் கேட்காமல் போகிறவர்கள் உண்டு.

சில்டர்ஸின் பதினைந்து பேர்

பண்டபர்க்குக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தூரத்தில் செம்மண் குன்றின் மேல் இருக்கிறது சில்டர்ஸ். பழங்காலக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் அழகான சிற்றூர். பிரதான சாலையில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று. 1902-ல் கட்டிய ஹோட்டல், பின்னாளில் பழம் பறிக்க வருபவர்களின் ஹாஸ்டல் ஆனது. 2000 ஜூன் 23 அதிகாலை அங்கே ஒருவன் வைத்த தீயில் 15 பேர் இறந்தார்கள். ஏழு பேர் பிரிட்டிஷார், மூவர் ஆஸ்திரேலியர், இருவர் டச்சுக்காரர். அயர்லாந்து, ஜப்பான், தென் கொரியாவைச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவர். புகை எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்யவில்லை.

தீ வைத்தவன் ஆயுள் தண்டனை பெற்றான். குவீன்ஸ்லாந்தில் மலிவு விடுதிகளுக்கான தீப்பாதுகாப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கட்டடம் சீரமைக்கப்பட்டு 2002-ல் நினைவிடமாகவும் கலைக்கூடமாகவும் திறக்கப்பட்டது. மாடியில் ஒரு பெரிய ஓவியம்: இறந்த 15 பேரும் வயலில் வேலைக்கு நடுவே சற்று இளைப்பாறுகிறார்கள். முகங்களில் களைப்பும் சிரிப்பும். பார்ப்பவர்கள் அதிக நேரம் பேசுவதில்லை.

2016-ல் வடக்கே ஹோம் ஹில் என்ற ஊரின் ஹாஸ்டலில் இரண்டு பிரிட்டிஷ் இளைஞர்கள் கொலையுண்டார்கள். ஒருவர் 88 நாட்களுக்காக வந்த பெண். மற்றவர் அவரைக் காப்பாற்ற முயன்றவர். அந்தப் பெண்ணின் தாய் பல ஆண்டுகள் இந்த முறையை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் நல்லபடியாக வந்து, நண்பர்களையும் நினைவுகளையும் சேர்த்துக்கொண்டு போகிறார்கள் என்பதும் உண்மை. விடுதியின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அவசர வழி எங்கே இருக்கிறது என்று முதல் இரவே பார்த்துக்கொள்வது கோழைத்தனம் அல்ல என்பதைத்தான் சில்டர்ஸ் சொல்லிக்கொடுக்கிறது.

அதற்குப் பிறகு?

மூன்று ஆண்டும் முடிந்தால் என்ன? இங்கேதான் பலரின் கனவும் கணக்கும் பிரிகின்றன. வேலை-விடுமுறை விசா நிரந்தரக் குடியுரிமைக்கு ஏணி அல்ல. எத்தனை ஏக்கர் தக்காளி பறித்தாலும் அதற்காக யாரும் குடியுரிமை தருவதில்லை.

பக்கத்து வழிகள் உண்டு. மாணவர் விசாவுக்கு மாறலாம். 2024 ஜூலை முதல் சுற்றுலா விசாவில் வந்தவர்கள் உள்ளே இருந்தபடி மாணவர் விசா கேட்க முடியாது. வேலை-விடுமுறைக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் 2024 ஜூலைக்கு முன் 710 டாலராக இருந்த விண்ணப்பக் கட்டணம் ஓராண்டில் 2,000 டாலராகிவிட்டது. படிக்கவே வந்தவர் என்று நிரூபிக்கவும் வேண்டும். முதலாளி ஒருவர் பொறுப்பேற்று அழைக்கும் வழி இன்னொன்று. 2024 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்ட அந்த விசாவுக்குத் துறையில் குறைந்தது ஓராண்டு அனுபவமும், தொழிற்பட்டியலில் இடமும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளமும் தேவை. சமையல் கலைஞருக்கும் நர்ஸுக்கும் அதில் இடம் உண்டு. பழம் பறிப்பவருக்கு இல்லை. எனவே சொந்தத் தொழில் கைவசம் உள்ளவர்கள், வயலில் நாள் சேர்க்கும்போதே அந்தத் தொழிலுக்கு ஊரில் ஆள் தேவையா என்றும் விசாரித்து வைக்கிறார்கள்.

புதிய பட்டதாரிகளுக்கு வயலைத் தொடாத வழியும் பிறந்திருக்கிறது. 2024 டிசம்பரில் தொடங்கிய 'மேட்ஸ்' திட்டத்தில், பொறியியல், கம்ப்யூட்டர், சுரங்கம், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி போன்ற துறைகளில் தேர்ந்த கல்வி நிறுவனங்களில் படித்த இந்திய இளைஞர்கள் ஆண்டுக்கு 3,000 பேர் இரண்டாண்டு வேலை பார்க்கலாம். அதற்கும் குலுக்கல் உண்டு.

செய்யக்கூடாதது ஒன்றே: விசா காலம் முடிந்தும் ஒளிந்து தங்குவது. 28 நாளுக்கு மேல் அப்படி இருந்து வெளியேறினால், பெரும்பாலான தற்காலிக விசாக்களுக்கு மூன்றாண்டு தடை. ஒளிந்திருப்பவரின் உழைப்பை மலிவாக வாங்கக் காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவரால் புகார் செய்யவும் தயங்காமல் இருக்க முடியாது.

2021 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்பவர்கள் 6.73 லட்சம். வெளிநாட்டில் பிறந்தவர்களில் இங்கிலாந்துக்காரர்களுக்கு அடுத்த இடம். பெரும்பாலோர் படிப்பின் வழியாகவும் தொழிலின் வழியாகவும் போனவர்கள். குலுக்கலில் போகும் ஆயிரம் பேர் அந்தக் கடலில் ஒரு துளி. ஆனால் ஓர் இந்திய இளைஞன், 'ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன், செலவுக்கு அங்கேயே சம்பாதித்துக்கொள்வேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப முடிவது புதுமை. வேறு பல நாட்டுப் பிள்ளைகளுக்கு முன்பே இருந்த சுதந்திரம் அது.

கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பது நம் ஊர் வழக்கம். பண்டபர்க்கில் கூலி உண்டு. ஆனால் கூலிக்கு முன் ரசீது வேண்டும். ஒவ்வொரு வாரமும் சம்பளச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துகிறவர், விசா அதிகாரி கேட்கும் நாளில் நிம்மதியாகத் தூங்குகிறார். மற்றவர்கள் 88-ஐ முடித்தபிறகும் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.